ஐந்தாவது பொருள்

எங்கள் பினாயிலில் ஐந்தாவதாகச் சேர்த்த பொருளின் பெயர் ஒரு நாள் எனக்கும் எங்கள் சாமி சுடலைமாடனுக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. தெரிந்த இன்னொருத்தி மறந்துவிட்டாள். சட்டப்படிதான் மறந்தாள்.

எங்கள் என்றால் என்னுடையதும் என் ஓரகத்தி முப்பிடாதியுடையதும். அண்ணனைக் கட்டியவள் நான். தம்பியைக் கட்டியவள் அவள். தொழிற்பேட்டையில் கடைசி வரிசையில் எங்கள் ஷெட். அதற்கு அப்புறம் உப்பளம். உப்பளத்துக்கு அப்புறம் என்ன என்று போய்ப் பார்த்தவர்கள் உண்டு. வந்து சொன்னவர்கள் இல்லை.

பினாயில் கலக்குவது பெரிய வித்தை இல்லை, பிள்ளைகளா. பைன் ஆயில், சோப்பாயில், தண்ணீர், வாசனை. இந்த நாலும் எல்லா ஷெட்டிலும் உண்டு. ஐந்தாவதுதான் எங்களுடையது. அது சேர்ந்தால் பால் மாதிரி வெளுக்கும். எவ்வளவு நாள் வைத்தாலும் திரியாது.

கலக்கும் முன் ஒரு வழக்கம் உண்டு. ஷெட்டுக்குள் இருக்கிற மாடன் பீடத்தின் முன்னால் நின்று, இன்னது இவ்வளவு, இன்னது இவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருமுறை முப்பிடாதிக்குத் தொண்டை கட்டியிருந்தது. மனசுக்குள் சொல்லிவிட்டுக் கலந்தாள். பேரல் பாதி திரிந்துவிட்டது. மேல்பாதி திரிந்தது. கீழ்பாதி நன்றாக இருந்தது.

பக்கத்து ஷெட் ஞானதிரவியம் அண்ணாச்சியுடையது. அவரும் பினாயில்தான். நான் வாசல் வழியாகப் போனால் மூச்சை மெதுவாக உள்ளே இழுப்பார். வெளியே விட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு ஷெட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். நாங்கள் மாடனிடம் சொல்லும் நேரத்தில் அந்தச் சுவர் ஓர் இடத்தில் மட்டும் சூடாக இருக்கும். ஒரு காதின் அளவுக்கு.

அப்போதுதான் உத்தரவு வந்தது. எதையாவது கலந்து விற்கிறவர்கள், என்னென்ன கலந்தோம் என்று இணையத்தில் பதிய வேண்டும். பதிந்ததை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வியாபார ரகசியம் என்று கோரினால் பார்க்க முடியாது. கோருவதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

நானும் முப்பிடாதியும் சூசையின் இ-சேவை மையத்துக்குப் போனோம்.

சூசை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கணினிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ரகசியக் கோரிக்கைக்கு அப்படித்தான் உட்கார வேண்டுமாம். கையைப் பின்னால் நீட்டித் தட்டினான்.

"அஞ்சாவது பேர நீங்களே அடிங்க. நான் காதப் பொத்திக்கிடுதேன்."

"அடிக்கதுக்கு எதுக்குலே காதப் பொத்துத?"

"அடிக்க சத்தத்த வச்சே எழுத்தக் கண்டுபிடிக்கவன் இருக்கான்."

"யாருலே அது?"

"நானே கண்டுபிடிப்பேன்."

நான் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அவன் துண்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டான். ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். ஒவ்வொன்றும் நட்சத்திரமாகிக் கட்டத்துக்குள் உட்கார்ந்தது.

பெயர் வெளியே தெரிந்தால் உங்களுக்கு என்ன கெடுதல் என்று கணினி கேட்டது. பக்கத்து ஷெட்காரர் மூச்சை வெளியே விட்டுவிடுவார் என்று எழுதச் சொன்னேன். ஏற்றுக்கொண்டது.

அடுத்தது பொதுப்பெயர். ரகசியப் பெயருக்குப் பதிலாக ஊருக்குக் காட்டுகிற பெயர். அது உண்மையாக இருக்க வேண்டும். ஆனால் எதையும் சொல்லிவிடக் கூடாது. 'ஒரு பொருள்' என்றேன். தள்ளிவிட்டது. எத்தனை என்பது வெளியாகிறதாம். 'திரவம்' என்றேன். ஓடும் என்பது வெளியாகிறதாம்.

முப்பிடாதிக்கு அலுத்துப்போனது. "அட, அதுதான்னு போடுலே" என்றாள்.

சூசை அப்படியே போட்டான். 'அதுதான்.' பச்சை டிக் விழுந்தது.

கம்பெனியின் பெயரும் ரகசியமா என்று கேட்டது. அண்ணாச்சியை நினைத்துக்கொண்டு அதற்கும் ஆமாம் என்றேன்.

கடைசியாக, இந்த விஷயம் யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டது. இங்கேதான் நாங்கள் உண்மையைச் சொல்லித் தொலைத்தோம். நான், முப்பிடாதி, சுடலைமாடன் என்று மூன்று பேரையும் போட்டோம். தினமும் அவர் காதில் போட்டுவிட்டு அவருக்குத் தெரியாது என்று எழுத எங்களுக்கு மனசு வரவில்லை.

'பலருக்குத் தெரிந்தது ரகசியம் ஆகாது. ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை நீக்கவும்.'

முதலில் மாடனை நீக்கப் பார்த்தோம். ஆதார் கேட்டது. சேர்க்கும்போது கேட்கவில்லை. நீக்கத்தான் கேட்டது. கைபேசி எண் கொடுத்தால் அவர் மட்டும் கணக்கில் வராமல் இருந்துவிட்டுப் போகட்டும் என்றது. கோமரத்தாடி பலவேசத்தின் எண்ணைக் கொடுத்தோம். கோயில் கொடையில் மாடன் அவன் மேல்தான் இறங்குவார். மற்ற நாளில் அவன் மினி பஸ் ஓட்டுகிறான்.

மிச்சம் நாங்கள் இரண்டு பேர்.

"என் பேரத் தூக்கிரு, யக்கா" என்றாள் முப்பிடாதி. "வெறும் பேருதான. எனக்குத் தெரியாமலா போயிரும்."

போய்விட்டது.

மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போனோம். பெயர்ப்பலகை துடைத்த மாதிரி இருந்தது. உள்ளே, ஐந்தாவது பொருளின் கேன் இருந்த மூலை கறுப்பாக இருந்தது. இருட்டு இல்லை. மை. அளந்து வெட்டிய மாதிரி நேரான ஓரத்தோடு, ஆள் உயரத்துக்கு ஒரு கட்டம்.

"இது என்னதுக்கா?" என்றாள்.

நான் பெயரைச் சொன்னேன். "அதுதான்" என்று வந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி சொன்னேன். "அதுதான்."

"எது?"

அவள் முகத்தைப் பார்த்தேன். நடிக்கிறாளோ என்று எனக்கு ஒரு நினைப்பு. தூக்கச் சொன்னவளே இவள்தான். இவ்வளவு லேசாக யாராவது தன் பேரைத் தூக்கச் சொல்வார்களா. அண்ணாச்சியின் பெண்டாட்டியோடு இவள் போன வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. புளி விலை பேசியதாகச் சொன்னாள். புளி விலைக்கு அவ்வளவு நேரமா.

இப்படி யோசித்துக்கொண்டே தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போனேன். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு, கறுப்புக் கட்டத்துக்குள் வெறுங்கையை விட்டாள்.

கையுறை இல்லாமல் அந்தக் கேனின் மூடியைக்கூடத் தொடாதவள் அவள். கையுறை ஆணியில்தான் தொங்கியது. அது எதற்கு என்பதையும் பெயரோடு சேர்த்து அவளிடமிருந்து நீக்கியிருந்தார்கள்.

கையை வெளியே எடுத்தாள். மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை. கறுப்புதான் இருந்தது.

"எரியுதுக்கா" என்றாள், சாதாரணமாக. பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அதற்குள் கறுப்பு முழங்கை வரை ஏறியிருந்தது. ஓரம் நேராக இருந்தது. டாக்டர் சின்னப் பையன். ஓரத்துக்குக் கொஞ்சம் மேலே பேனாவால் ஒரு கோடு போட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே கறுப்பு அந்தக் கோட்டை மூடியது.

"என்ன பட்டுச்சு?"

"அதுதான்."

"எது?"

"அதுதான், டாக்டர்."

"காம்போசிஷன் சொல்லுங்கம்மா. அமிலமா, காரமா? அமிலம்னா ஒரு மருந்து. காரம்னா ஒரு மருந்து. மாத்திக் குடுத்தா கை போயிரும். குடுக்காம விட்டா இது மேல ஏறும்."

"ஏறினா?"

"தோளத் தாண்டினா நெஞ்சு. நெஞ்சு ரகசியமாயிட்டா அப்புறம் உள்ள துடிக்கா இல்லையான்னு நாங்க பாக்க முடியாது. பாக்க முடியலன்னா இல்லன்னுதான் எழுதணும்."

நியாயமாகத்தான் பேசினார். ஆனால் காம்போசிஷன் என்ற வார்த்தையை இந்தப் பக்கத்தில் அண்ணாச்சி ஒருவர்தான் சொல்வார். டாக்டரின் சட்டைப்பையைப் பார்த்தேன். பேனா இருந்தது. அண்ணாச்சி கம்பெனி தீபாவளிக்குக் கொடுத்த பேனா மாதிரி இருந்தது. எல்லாப் பேனாவும் அப்படித்தான் இருக்கும் என்றும் தோன்றியது.

முப்பிடாதி கட்டிலில் இருந்து கூப்பிட்டாள்.

"யக்கா. அது என்னன்னு சொல்லேன்."

"நீ எதுக்குட்டி கேக்க?"

"எரியுது."

"எரியுறவ தண்ணி கேப்பா. பேரையா கேப்பா?"

அவள் என்னைப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு வலிக்கும்போது அவள் பேச மாட்டாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். பிரசவத்துக்குப் போன அன்றைக்கும் சோற்றை வடித்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நடிக்கத் தெரிந்தவள் கத்தியிருப்பாள்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, ரகசியக் கோரிக்கைகளை வைத்திருக்கிற பதிவகத்துக்குப் போனேன். கோரியதைத் திரும்ப வாங்கிவிட்டால் பெயர் வாயில் வரும். அவ்வளவுதான் வேலை.

பதிவகத்தின் தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. நின்றால் சுருங்கியது. அதனால் நின்றுகொண்டே போனேன். வழியில் பெஞ்சில் ஒரு சாயப்பட்டறைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒரு சிவப்பை ரகசியம் என்று கோரினாராம்.

"கெடச்சுதா?" என்றேன்.

"கெடச்சுது. மக கல்யாணத்துல அவ சேலை என்ன கலருன்னு எனக்குத் தெரியல."

"கேட்டுப் பாக்க வேண்டியதுதானே."

"சொல்லுதாவ. சொல்லுத வார்த்தையும் வெள்ளையாத்தான் கேக்குது."

அதிகாரியின் மேசை முன்னால் போய் நின்றேன். அந்த அம்மாளும் தலையில் துண்டு போட்டிருந்தார். அரசாங்கத் துண்டு. ஓரத்தில் முத்திரை இருந்தது.

"கோரிக்கைய வாபஸ் வாங்கணும்."

"யாரோட கோரிக்கை?"

"என்னோடது."

"நீங்க யாரு?"

"ஆவுடையம்மாள். கடைசி வரிசை ஷெட்."

தட்டிப் பார்த்தார். "அப்படி ஒருத்தர் இல்ல. இருந்தாலும் இருக்காருன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டோம். பேரு ரகசியம்."

"அந்த ஆளே நான்தான்."

"அத நீங்க சொல்றீங்க. நேத்து ஒரு அம்மா வந்து அவங்கதான் ஆவுடையம்மாள்னு சொன்னாங்க."

"அப்படியா?"

"உங்களவிட நல்லாச் சொன்னாங்க."

அது யார் என்று யோசித்தேன். அண்ணாச்சியின் பெண்டாட்டி ஒல்லி. என்னை மாதிரி சொல்ல அவளால் முடியாது.

"ஆஸ்பத்திரில ஒருத்தி கெடக்கா. கறுப்பு தோளுக்கு ஏறுது."

அதிகாரி துண்டைக் கொஞ்சம் தூக்கினார். இரக்கமான முகம். "அதுக்கு விதி இருக்குங்க. உயிருக்கு ஆபத்துன்னா டாக்டருக்குச் சொல்லலாம். டாக்டர் எழுதிக் கேக்கணும்."

"கேப்பாரு. என்னன்னு எழுதணும்?"

"எந்தப் பொருள்னு பேரக் குறிப்பிட்டு எழுதணும்."

"பேரு தெரியாமத்தான கேக்கப் போறாரு."

"தெரியாதவங்களுக்கு எப்படிங்க சொல்ல முடியும்? அதுக்குப் பேருதானே ரகசியம்."

அவர் துண்டை இறக்கிவிட்டார். நான் அங்கேயே நின்றேன். நின்றதில் தாழ்வாரம் இன்னும் சுருங்கி, சாயப்பட்டறைக்காரரின் முழங்கால் என் முதுகில் இடித்தது.

"விஷயம் தெரிஞ்ச இன்னொருத்தர் ஒத்துக்கிட்டாலும் வாபஸ் ஆகும்" என்று துண்டுக்குள்ளிருந்து சொன்னார். "இங்க ஒருத்தர் பேரு இருக்கு. எஸ். மாடன். அவருக்கு ஓடிபி அனுப்பிருக்கேன்."

நான் பலவேசத்துக்குப் போன் போட்டேன். பஸ்ஸை ஓரமாக நிறுத்தும் சத்தம் கேட்டது.

"மதினி, ஓடிபி வந்துருக்கு."

"சொல்லு, சீக்கிரம்."

"எனக்கு வரல மதினி. மாடனுக்குல்லா வந்துருக்கு. அவரு வந்தாத்தான் நான் தெறந்து பாக்க முடியும். சும்மா இருக்கையில தெறந்தா நான் வெறும் டிரைவரு."

"அப்ப அவர வரச் சொல்லு."

"கொட்டு இல்லாம எப்படி வருவாரு?"

நான் போனை மேசைமேல் வைத்துவிட்டு, அதிகாரியின் தகர அலமாரியில் கொட்டினேன். சின்ன வயசிலிருந்து கேட்ட கொட்டு. கை தானாகப் போனது. சாயப்பட்டறைக்காரர் பெஞ்சில் தட்டித் துணைக்கு வந்தார். அதிகாரி தடுக்கவில்லை. வாபஸ் நடைமுறையில் அது இருக்கிறதா என்று கையேட்டில் தேடிக்கொண்டிருந்தார்.

போனில் பஸ் பயணிகள் குலவையிட்டார்கள். அப்புறம் குரல் மாறியது.

"யாரு கூப்பிட்டது?"

"ஆவுடை."

"எந்த ஆவுடை?"

மாடனுக்கும் என்மேல் சந்தேகம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "தெனம் உம்ம முன்னால நின்னு அளவு சொல்லுத ஆவுடை."

"சொல்லு."

"முப்பிடாதிக்குக் கை போகுது. பேரச் சொல்லும். இல்லன்னா நம்பரச் சொல்லும்."



"சத்தியம் வாங்கிட்டாவ. ரகசியத்தக் காப்பேன்னு ஒரு பொத்தான அமுக்கச் சொன்னாவ. அமுக்கிட்டேன். சத்தியத்த மீறினா நான் மாடன் இல்ல. வெறும் கல்லு."

"அவ உம்ம பிள்ளைல்லா."

"பிள்ளைதான்." குரல் இறங்கியது. "கேளு. சத்தியம் பண்ணுனவன் சொல்ல முடியாது. திருடன் சத்தியம் பண்ணல. அவன்ட்ட போ."

ஓடிபி காலாவதியானது. பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது.

பிள்ளைகளா, இத்தனை வருஷமும் அண்ணாச்சி திருடிவிடக் கூடாதே என்று இருந்தேன். பதிவகத்திலிருந்து ஷெட்டுக்குப் போகிற வழியெல்லாம், அவர் திருடியிருக்க வேண்டுமே என்று மாடனை வேண்டிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி அவர் ஷெட்டுக்குள் நடுச்சுவரில் காதை வைத்து நின்றார். என்னைக் கண்டதும் விரலால் சுவரைத் தட்டினார்.

"கரையான்" என்றார்.

"அண்ணாச்சி, எங்க அஞ்சாவது உங்களுக்குத் தெரியும்லா?"

"எனக்கா? உங்க தொழிலு எனக்கெதுக்கு?"

"தெரியும்னு சொல்லுங்க. முப்பிடாதி ஆஸ்பத்திரில கெடக்கா. டாக்டருக்குப் பேரு வேணும்."

"கேக்கவே கஷ்டமா இருக்கு. காம்போசிஷன் தெரியாம டாக்டரு பாவம் என்ன செய்வாரு."

"சொல்லுங்க."

"சொன்னா திருடுனவன் நாந்தான்னு ஆயிரும். போன் எங்க? ரெக்கார்டு ஓடிக்கிட்டு இருக்கா?"

போனை அவர் கையில் கொடுத்தேன். தண்ணீர் பேரலுக்குள் போட்டார். அது அடியில் கிடந்து கொஞ்ச நேரம் வெளிச்சமாக இருந்தது. அதிகாரி கூப்பிடுகிறாரோ என்னவோ.

"இப்பச் சொல்லுங்க."

"இப்பத்தான் எனக்குச் சந்தேகம் கூடுது" என்றார். "இவ்வளவு லேசா போனக் குடுக்கவ வேற எதையோ வச்சிருப்பா. ஒண்ணு செய்யலாம். நான் சூசைட்ட போயி, திருடுனதையும் ரகசியம்னு பதிஞ்சிட்டு வந்து சொல்லுதேன்."

"பதிஞ்சா உங்க வாயிலயும் பேரு வராது."

யோசித்தார். உண்மை என்று அவருக்குத் தெரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஆவுடையம்மா, ஒண்ணு சொல்லுதேன். என் ஆயுசுல நானா கண்டுபிடிச்சதுன்னு ஒண்ணு கெடையாது. எங்கப்பா நாலு கலந்தாரு. நானும் நாலு கலக்கேன். இந்தச் சுவத்துல காத வச்சு வச்சு ஒரு பக்கக் காது தட்டையாப் போச்சு. பாருங்க."

காட்டினார். தட்டையாகத்தான் இருந்தது.

"ஆளு எப்படி இருக்கான்னு வேணா வந்து பாக்கேன்" என்றார். "வாயத் தெறக்க மாட்டேன்."

வழியில் ஆரஞ்சு வாங்கினார். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதாம்.

வார்டுக்குள் நுழைந்தோம். கறுப்பு தோளைத் தாண்டிவிட்டது. கழுத்தெலும்பின் இந்தப் பக்கம் நேர்க்கோடாக நின்றது. டாக்டர் கோடு போடுவதை நிறுத்திவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, கேட்கும்வரை கேட்போம் என்று குனிந்திருந்தார். முப்பிடாதி கண்ணை மூடியிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள்.

அண்ணாச்சி கட்டில் ஓரத்தில் ஆரஞ்சோடு நின்றார். அவர் வாய் அசைந்தது. உள்ளே பெயர் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. திருட்டுப் பட்டம் குறுக்கே நின்றது.

நான் வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"டாக்டர், அந்தப் பொருளு இந்த அண்ணாச்சி கண்டுபிடிச்சது. நாந்தான் சுவத்துல காத வச்சுத் திருடுனேன். இவ்வளவு நாளும் திருடித்தான் கலந்தேன். இவுகளுக்குத்தான் பேரு தெரியும். இவுக பொருளு. இவுகளக் கேளுங்க."

நர்சு ஊசியைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்துக் கட்டில் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் பையை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

அண்ணாச்சி சட்டைக் காலரைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். எங்கள் கல்யாண வீடுகளில் மொய் வாசிக்கிறவர் குரலில், பெயரைச் சொன்னார். அமிலமா காரமா என்பதையும் சொன்னார். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதையும், யாரும் கேட்காமலே சொன்னார்.

அது என்ன பெயர் என்று நீங்கள் கேட்பீர்கள். கோவித்துக்கொள்ளாதீர்கள். அது அவருடைய பொருள். நான் எழுதக் கூடாது. எனக்கும் அப்போது அது புதிதாகக் கேட்ட பெயராகத்தான் இருந்தது. நல்ல பெயர் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் மருந்தை ஊற்றினார்.

கறுப்பு நின்றது. பிறகு இறங்கியது. தோள் வந்தது. அம்மை குத்திய தழும்பு வந்தது. முழங்கை வந்தது. கண்ணாடி வளையல் இரண்டு வந்தன.

"ஆவுடையம்மா" என்றார் அண்ணாச்சி. "நாளைக்கு அந்த மூலையக் காலி பண்ணிருங்க. என் பொருளு உங்க ஷெட்டுல இருந்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவ."

"சரி, அண்ணாச்சி."

"நான் கேஸு எதுவும் போட மாட்டேன். பக்கத்துப் பக்கத்துல இருக்கோம்."

பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு ஆரஞ்சைக் கட்டிலில் வைத்தார். வார்டில் இருந்தவர்கள் அவருக்கு வழிவிட்டார்கள்.

முப்பிடாதி கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து நீக்கியது நீக்கியதுதான். திரும்பி வரவில்லை. நாங்கள் இருவரும் சோப்பாயில் நெடியில் இருமிக்கொண்டே அந்த ஐந்தாவதைக் கண்டுபிடித்த மத்தியானம் அவளிடம் இல்லை. நான் சொன்னதுதான் அவளிடம் இருந்தது.

"யக்கா, நீயா திருடுன?"

"ஆமாட்டி."

"எம்புட்டு நாளா?"

"ஆரம்பத்துல இருந்தே."

"என்ட்ட சொல்லவே இல்லயே."

"சொல்லல."

விரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. கட்டைவிரல் கடைசியாக வந்தது. அவள் அதை மடக்கிப் பார்த்தாள். நீட்டிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேற என்னெல்லாம் என்ட்ட சொல்லாம வச்சிருக்க?"

"வேற ஒண்ணும் இல்ல."

"நெசமா?"

"நெசமாட்டி."

அவள் நம்பவில்லை. கையை விடவும் இல்லை. திருடியைப் பிடிக்கிற பிடி. எலும்பு வலித்தது. டாக்டர் குனிந்து அந்தப் பிடியைப் பார்த்தார். கைக்கு நல்ல பலம் வந்துவிட்டது, நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்.